சிறிய நாட்டில் சர்வதேச உறவுகள் என்ற படிப்பு: இலங்கையின் அனுபவம்

இலங்கையைப் போன்றதொரு சிறிய நாட்டில் சர்வதேச உறவுகள் ஒரு கல்வித்துறையாக எவ்வாறு வளர்ந்தது என்று கேட்டிருந்தீர்கள். ஐக்கிய நாடுகள் சபையிலும் சர்வதேச நீதிமன்றத்திலும் இத்தனை பேரை உயர்ந்த இடங்களில் அமர்த்திய நாட்டின் பல்கலைக்கழகங்களிலிருந்து, அத்துறையில் உலகறிந்த ஒரு சிந்தனைப் போக்கு ஏன் உருவாகவில்லை என்பதையும் சேர்த்தே கேட்டிருந்தீர்கள். இந்த இரண்டாவது கேள்வியிலேயே முதலாவதற்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது. வெளியுலகைப் பற்றிய சிந்தனைக்கு இலங்கையில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. அந்தச் சிந்தனை மாநாட்டு மண்டபங்களிலும் அமைச்சுக் கோப்புகளிலும் நாடாளுமன்ற விவாதங்களிலும் பிறந்தது. பிறந்த இடத்திலிருந்து அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, எழுதி, விவாதித்து, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் ஏற்பாடுதான் கடைசிவரை பலவீனமாக இருந்தது. ஒரு துறையின் வளர்ச்சியை எத்தனை நிறுவனங்கள் திறக்கப்பட்டன, எத்தனை பட்டங்கள் வழங்கப்பட்டன என்று எண்ணிப் பார்ப்பதைவிட, முந்தையவர் கண்டறிந்ததிலிருந்து பிந்தையவர் தொடங்க முடிகிறதா என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்று நான் கருதுகிறேன். அந்த அளவுகோலை வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில், இந்தப் படிப்பு யாருடைய தேவைக்காகத் தொடங்கியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முதல் உலகப் போரின் அழிவுக்குப் பின்னர், 1919இல், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரில் சர்வதேச அரசியலுக்கென முதலாவது பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அதன் மையம் அமெரிக்காவுக்கு இடம்பெயர்ந்தது. 1977இல் அரசறிவியலாளர் ஸ்டான்லி ஹொஃப்மன் இதை ஓர் அமெரிக்கச் சமூக விஞ்ஞானம் என்றே குறிப்பிட்டார். வல்லரசுகளின் மடியில் வளர்ந்த படிப்பு வல்லரசுகளின் கேள்விகளையே கேட்கும்: வலுச்சமநிலையை எப்படிப் பேணுவது, எதிரியை எப்படி அடக்கி வைப்பது, அணிகளை எப்படிக் கட்டிக்காப்பது. கொழும்பிலிருந்து உலகைப் பார்த்தவருக்கு எழுந்த கேள்வி வேறு. தேயிலை, றப்பர், தெங்கு ஆகிய மூன்று பயிர்களை, தான் தீர்மானிக்க முடியாத விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் அரிசி வாங்கி உண்ணும் ஒரு தீவு, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய அயல்நாட்டின் பக்கத்தில் இருந்துகொண்டு தன் முடிவுகளைத் தானே எடுப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு அன்றைய பாடநூல்களில் அத்தியாயம் எதுவும் இருக்கவில்லை.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதலாவது துணைவேந்தராக இருந்த ஐவர் ஜெனிங்ஸ் அரசியலமைப்புச் சட்ட அறிஞர். சுதந்திரத்துக்கு முந்திய அரசியலமைப்பு வரைவில் டி. எஸ். சேனநாயக்கவுக்குத் துணைநின்றவர். இங்கு அரசியல் படிப்பு அரசியலமைப்பு, கட்சி, தேர்தல் என்ற தடத்தில் வேரூன்றியதில் வியப்பில்லை. வெளிவிவகாரம் அந்தத் தடத்துக்கு வெளியே, பிரதமரின் அலுவலகத்துக்குள் இருந்தது. 1947ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பிரதமரே பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சராகவும் இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது, 1977இல் ஏ. சி. எஸ். ஹமீத் நியமிக்கப்படும்வரை அத்துறைக்குத் தனியான அமைச்சர் எவரும் இருக்கவில்லை. அதாவது, சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் முப்பது ஆண்டுகளில் நாட்டின் வெளியுறவு பற்றிய தகவலும் முடிவும் ஒரு மிகச் சிறிய வட்டத்துக்குள் அடங்கியிருந்தன. அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த ஆய்வாளருக்குக் கிடைத்தவை பத்திரிகைச் செய்தியும் நாடாளுமன்ற அறிக்கையும் மட்டுமே.

ஆயினும் அந்த நாடாளுமன்ற அறிக்கையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. இலங்கையின் முதலாவது சர்வதேச உறவுகள் நூல் எது என்று என்னைக் கேட்டால், நாடாளுமன்ற விவாதங்களின் பதிவேடான ஹன்சார்ட் என்றே சொல்வேன். 1947இல் பிரித்தானியாவுடன் செய்துகொள்ளப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கை, திருகோணமலைத் துறைமுகத்திலும் கட்டுநாயக்க விமானத் தளத்திலும் அந்நியப் படையை வைத்திருந்தபோது, இது சுதந்திரமா, சுதந்திரத்தின் சாயலா என்று இடதுசாரி உறுப்பினர்கள் எழுப்பிய கேள்வி வெறும் கட்சி அரசியலாக முடிந்துவிடவில்லை. அதே உடன்படிக்கையைக் காட்டித்தான் இலங்கையின் இறைமையைச் சந்தேகித்த சோவியத் ஒன்றியம், 1948 முதல் அதன் ஐக்கிய நாடுகள் சபை உறுப்புரிமையைத் தடுத்துவந்தது. 1955 டிசம்பர் 14இல்தான் கதவு திறந்தது. இறைமை என்பது உண்டு அல்லது இல்லை என்ற ஒன்றா, அளவில் கூடிக் குறையக்கூடியதா என்ற கோட்பாட்டு வினாவை இலங்கை தன் உடம்பிலேயே அனுபவித்தது. 1952ஆம் ஆண்டு றப்பர்–அரிசி ஒப்பந்தமும் அப்படித்தான். கொரியப் போர்க்கால ஏற்றம் முடிந்து றப்பர் விலை சரிந்து, உலகச் சந்தையில் அரிசி தட்டுப்பட்ட வேளையில், கம்யூனிசத்தைக் கடுமையாக வெறுத்த ஒரு வலதுசாரி அரசாங்கம், இன்னும் தூதரகங்கள்கூடப் பரிமாறிக்கொள்ளாத சீனாவுடன், ஆண்டொன்றுக்கு 50,000 தொன் றப்பருக்கு 270,000 தொன் அரிசி என்று ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. கம்யூனிச நாடுகளுக்குப் போர்முக்கியத்துவம் உள்ள பொருள் விற்போருக்கு உதவி கிடையாது என்ற அமெரிக்கச் சட்டம் குறுக்கே நின்றும் அது பின்வாங்கவில்லை. கொள்கை, நலன், வயிறு ஆகிய மூன்றும் மோதும்போது சிறிய நாடு எதை எப்படித் தெரிவுசெய்கிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு கிடைக்காது. அதிலிருந்து பொதுவானதொரு கருத்தை வகுத்தெடுக்கும் வேலையை அன்று எவரும் மேற்கொள்ளவில்லை.

கல்வித்துறை என்ற பொருளில் தொடக்கத்தைச் சொல்வதானால், அரசறிவியலாளர் ஷெல்டன் கொடிகாரவிடமிருந்து தொடங்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பிந்திய இந்திய–இலங்கை உறவுகள் பற்றிய அவரது நூலை 1965இல் கொழும்பில் இலங்கை உலக விவகார நிறுவகம் வெளியிட்டது. அந்த நூலின் காலம் முக்கியமானது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1964 அக்டோபர் 30இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்துவந்த மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வோம் என்று இரு அரசுகள் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. 1974இல் அந்த 150,000 பேரும் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். இலங்கையில் சர்வதேச உறவுகளின் முதற்பெரும் ஆய்வுப்பொருள், நாட்டுக்குள்ளேயே லயன் அறைகளில் வாழ்ந்த மக்களாக இருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். உள்நாட்டு அரசியல் வேறு, அரசுகளுக்கிடையிலான அரசியல் வேறு என்று மேற்கத்தியப் பாடநூல்கள் கிழித்த கோடு இங்கு தொடக்கத்திலிருந்தே பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமையைத் தானே ஒரு கோட்பாடாக வளர்த்தெடுத்திருக்க முடியும். இலங்கையின் ஆய்வாளர்கள் பெரும்பாலும் நிகழ்வுகளை ஒழுங்காக, நேர்மையாக, காலவரிசையில் விவரிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த விவரிப்பின் மதிப்பை நான் மறுக்கவில்லை. கோப்புகள் பூட்டப்பட்டிருந்த நாட்டில் அதுவே பெரிய உழைப்பு.

இனி, இந்தத் துறையின் மிக வளமான காலத்துக்கு வருகிறேன். அது பல்கலைக்கழகத்தில் நிகழவில்லை என்பதால் பலரும் அதைத் துறையின் வரலாற்றில் சேர்ப்பதில்லை. 1967 நவம்பரில் மோல்டாவின் தூதர் ஆர்விட் பார்டோ, ஆழ்கடற் படுக்கை மனித குலத்தின் பொதுச்சொத்தாக வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையில் முன்மொழிந்தார். அதை ஆராய அமைக்கப்பட்ட கடற்படுக்கைக் குழுவின் தலைமை இன்னொரு தீவின் தூதரான ஹமில்டன் ஷெர்லி அமெரசிங்கவிடம் வந்தது. 1973இல் தொடங்கிய மூன்றாவது கடற்சட்ட மாநாட்டின் தலைவராகவும் அவரே தெரிவானார். இதற்கிடையில் இலங்கை இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் யோசனையை 1970இல் லுசாக்கா அணிசேரா மாநாட்டிலும் 1971 அக்டோபரில் ஐ.நா.விலும் முன்வைத்தது. 1971 டிசம்பர் 16இல் 2832ஆம் இலக்கத் தீர்மானம் 61 ஆதரவு வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்வாக்கு ஒன்றுமில்லை, ஆனால் 55 நாடுகள் வாக்களிப்பிலிருந்து விலகி நின்றன. அதே நாளில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு அனுப்பப்பட்டிருந்தது. சமாதான வலயம் நடைமுறைக்கு வரவில்லை என்பதை வைத்து அதை வெறும் ஆசை என்று ஒதுக்குவோர் உண்டு. படைபலம் இல்லாத நாடு, தன்னைச் சுற்றியுள்ள கடலின் பெயரையும் பொருளையும் தான் வரையறுக்க முயன்றது என்ற அளவில் அது ஆழ்ந்த சிந்தனை என்பதே என் மதிப்பீடு.

கடற்சட்ட மாநாட்டில் இன்னும் நுணுக்கமான ஒன்று நடந்தது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து அடித்துக்கொண்டு வந்த வண்டல், வங்காள விரிகுடாவின் அடியில் பல கிலோமீற்றர் தடிப்பில் படிந்து, இலங்கைக்குத் தெற்கு வரை விசிறியாகப் பரந்து கிடக்கிறது. கண்டமேடையின், அதாவது கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலத்தின், வெளியெல்லையைத் தீர்மானிக்கக் கடற்சட்ட உடன்படிக்கையின் 76ஆம் உறுப்புரையில் வகுக்கப்பட்ட சூத்திரங்கள், கண்டச்சரிவின் அடியிலிருந்து 60 கடல் மைல் என்ற தூரத்தையோ, தூரத்துக்கு ஏற்ப வண்டல் குறைந்தது ஒரு வீதத் தடிப்பு இருக்க வேண்டும் என்ற கணக்கையோ பின்பற்றின. இக்கணக்குகளும் அவற்றுக்கு மேல் விதிக்கப்பட்ட தூர வரம்பும் உலகின் பிற பகுதிகளுக்குப் பொருந்தின. இலங்கைக்கு அவற்றைப் பிரயோகித்தால் அதன் கண்டவிளிம்பில் பாதிக்கும் மேல் கைநழுவிவிடும். இலங்கைத் தூதுக்குழு புவிச்சரிதவியலையும் சட்டத்தையும் ஒருங்கே கையில் எடுத்து வாதிட்டது. 1980 ஆகஸ்ட் 29இல் வங்காள விரிகுடாவின் தென்பகுதிக்கென ஒரு தனிப் புரிந்துணர்வுக் கூற்று ஏற்றுக்கொள்ளப்பட்டது: வண்டற்பாறை ஒரு கிலோமீற்றருக்குக் குறையாத தடிப்புள்ள இடம்வரை எல்லையை நீட்டலாம். அந்தக் கூற்று மாநாட்டின் இறுதிச் சாசனத்துக்கு இரண்டாவது இணைப்பாக இன்றும் இருக்கிறது. பொதுவிதி எப்படி எழுதப்படுகிறது, அதற்குள் ஒரு சிறிய நாடு தன் மண்ணின் தனித்தன்மையை எப்படிப் புகுத்துகிறது என்பதற்கு இது ஒரு முழுப் பாடநெறிக்குப் போதுமான பொருள்.

இந்தக் கூற்றின் அடிப்படையில் இலங்கை தன் கண்டமேடையின் வெளியெல்லைக்கான விண்ணப்பத்தை, அவ்வெல்லைகளை ஆராயும் ஐ.நா. ஆணைக்குழுவிடம் கையளித்தது 2009 மே 8ஆம் திகதி. அந்த வாரத்தில் முள்ளிவாய்க்காலின் ஒடுங்கிய கடற்கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாட்டின் எல்லையைக் கடலுக்குள் நூற்றுக்கணக்கான மைல்கள் நீட்டும் நுண்ணறிவும், அதே கடலின் ஓரத்தில் சொந்தக் குடிமக்களுக்கு நேர்ந்ததும் ஒரே அரசின் ஒரே மாதத்துச் செயல்கள். இந்த இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்து எழுதத் துணியும் நாளில்தான் இலங்கையில் இத்துறை முதிர்ச்சி அடைந்தது என்று சொல்வேன்.

அமெரசிங்க 1980 டிசம்பரில் காலமானார். மாநாட்டின் தலைமைக்கு அவருக்குப் பின் வந்தவர் சிங்கப்பூரின் டொமி கோ. ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து அமர்ந்த இரண்டு சிறிய நாட்டவர்கள் என்பதால் இந்த ஒப்பீடு எனக்கு எப்போதும் பாடம் புகட்டுகிறது. டொமி கோ சட்ட பீடத்திலிருந்து இராஜதந்திரத்துக்குப் போய், அங்கிருந்து மீண்டும் ஆய்வு நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் திரும்பினார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2009இல் உருவான சர்வதேசச் சட்ட மையத்தில் கடற்சட்டம் முதன்மையான ஆய்வுப்பொருள். தென்கிழக்காசியக் கற்கைகளுக்கு 1968இலும் மூலோபாயக் கற்கைகளுக்கு 1996இலும் அந்நாடு நிறுவனங்களை அமைத்து, அவற்றுக்கு நிலையான நிதியும் நூலகமும் கொடுத்தது. இலங்கையில் அமெரசிங்கவோடு மாநாட்டில் உழைத்தவர்களின் அறிவு அவர்களோடு சேர்ந்தே ஓய்வுபெற்றது. 1974 முதல் 1984 வரை ஐ.நா. வர்த்தக அபிவிருத்தி மாநாட்டின் செயலாளர் நாயகமாக இருந்து, மூலப்பொருள் விலைகளை நிலைப்படுத்தும் பொது நிதியத்துக்காகப் போராடிய கமனி கொரயா ஒரு பொருளாதார அறிஞர். சிறிய நாடுகளின் கண்கொண்டு உலகப் பொருளாதாரத்தைப் பார்க்கும் ஒரு சிந்தனை மரபே அவரிடம் இருந்தது. அதைக் கற்பிக்கும் பேராசிரியர் பதவி கொழும்பில் ஏற்படுத்தப்படவில்லை. 1995இல் அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையின் மீளாய்வு மாநாட்டைத் தலைமைதாங்கி நடத்திய ஜயந்த தனபாலவின் அனுபவத்துக்கும் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது.

சி. ஜி. வீரமந்திரியின் பங்கு சற்று வேறானது. அவர் எழுதிவைத்துப் போனார். 1991 முதல் 2000 வரை சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்த அவர், டனியூப் நதியில் அணை கட்டுவது குறித்து ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் வழக்காடியபோது, 1997இல் தாம் எழுதிய தனித்தீர்ப்பில் இலங்கையின் பண்டைய குளங்களையும் கால்வாய்களையும் எடுத்துக்காட்டினார். மக்களுக்குப் பயன்படாமல் ஒரு துளி மழைநீரும் கடலைச் சேரக்கூடாது என்ற முதலாம் பராக்கிரமபாகுவின் கூற்றை அவர் ஹேக் நகரத்து நீதிமன்றப் பதிவேட்டில் ஏற்றினார். நிலைபேறான அபிவிருத்தி என்பது நேற்று மேற்கில் கண்டுபிடிக்கப்பட்ட கருத்தன்று, உலகின் பல நாகரிகங்கள் கடைப்பிடித்துவந்த நெறி என்பது அவரது வாதம். அந்தத் தீர்ப்பை உலகெங்கும் சுற்றாடற் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். உள்ளூர் அறிவிலிருந்து உலகப் பொதுக்கருத்துக்குப் போகும் வழி இதுதான் என்று நம் அரசறிவியல் மாணவருக்கும் அதைப் படிக்கக் கொடுக்க வேண்டும்.

நிறுவனங்களே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. சீனாவின் அன்பளிப்பாக 1973இல் திறக்கப்பட்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில், அடுத்த ஆண்டே பண்டாரநாயக்க சர்வதேச கற்கை நிலையம் தொடங்கியது. 1976இல் அதே வளாகத்தில் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு கூடியது. அந்த நிலையத்தின் டிப்ளோமா வகுப்புகள் அரச ஊழியர், பத்திரிகையாளர், படை அதிகாரி, ஆசிரியர் என்று பலருக்கு முதன்முதலாக இத்துறையை அறிமுகம் செய்தன. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கொடிகாரவின் தலைமுறை மாணவர்களை உருவாக்கியது. ஆனால் ஆய்வு நூல்கள் எங்கே அச்சாயின என்று முகப்புத்தாளைப் புரட்டிப் பாருங்கள். கொடிகாரவின் 1965ஆம் ஆண்டு நூல் கொழும்பில் வந்தது. மூன்றாம் உலக நோக்கில் இலங்கையின் வெளிநாட்டுக் கொள்கையை ஆராய்ந்த அவரது 1982ஆம் ஆண்டு நூல் டெல்லியில் வந்தது. இலங்கையின் அணிசேராமை பற்றிய எச். எஸ். எஸ். நிசங்கவின் 1984ஆம் ஆண்டு நூலும் டெல்லியில்தான் வந்தது. இந்தியாவையும் சிறிய நாட்டின் பாதுகாப்பையும் பற்றி கே. எம். டி சில்வா எழுதிய 1995ஆம் ஆண்டு நூலை வாஷிங்டனின் ஓர் ஆய்வு மையமும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக அச்சகமும் வெளியிட்டன. உள்நாட்டில் வாசகர் தொகை சிறிது, பதிப்பகங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது உண்மை. அதன் விளைவு என்னவென்றால், எந்தக் கேள்வி எழுதத்தக்கது என்பதை வெளியிலுள்ள வாசகரின் ஆர்வமே தீர்மானிக்கத் தொடங்கியது. அந்த ஆர்வம் எப்போதும் இந்தியாவைச் சுற்றியே, பின்னர் போரைச் சுற்றியே இருந்தது.

1983 யூலைக்குப் பின்னர் போர் எல்லாவற்றையும் விழுங்கியது. பேராதனையில் அரசறிவியலை வளர்த்த ஏ. ஜெயரட்ணம் வில்சன் 1972லேயே கனடாவுக்குப் போய்விட்டிருந்தார். எஞ்சியிருந்த அரசறிவியலாளரின் ஆற்றல் இனப்பிரச்சினை, அதிகாரப் பகிர்வு, அரசியலமைப்பு என்பவற்றின் பக்கம் திரும்பியது. அது தவிர்க்க முடியாததும் தேவையானதுமாகும். 1987 யூலை 29இல் கையெழுத்தான இந்திய–இலங்கை உடன்படிக்கையும் இந்தியப் படையின் வருகையும் வெளியுறவையும் இனப்பிரச்சினையையும் ஒரே முடிச்சாகக் கட்டிவிட்டன. 1982இல் தொடங்கிய இனத்துவ ஆய்வுகளுக்கான சர்வதேச நிலையம் போன்ற இடங்கள் பல்கலைக்கழகம் செய்யத் தவறியதைச் செய்தன. ஆனால் அறிவாளிகள் உயிரோடு விலைகொடுத்த காலம் அது. அந்த நிலையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான நீலன் திருச்செல்வம் 1999 யூலை 29இல் கொல்லப்பட்டார். வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் 2005 ஆகஸ்ட் 12இல் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஏப்ரலில், தராக்கி என்ற பெயரில் ஆங்கிலத்திலும், வீரகேசரியில் தமிழிலும் படைத்துறை, பூகோள அரசியல் ஆய்வுகளை எழுதிய தர்மரத்தினம் சிவராம் கடத்திக் கொல்லப்பட்டார். அவர்களின் அரசியல் ஒன்றுக்கொன்று நேர் எதிரானது. ஒவ்வொரு கொலையும் சொல்லித்தந்த பாடம் ஒன்றே: ஆழமாக ஆராய்ந்து வெளிப்படையாக எழுதுவது உயிருக்கு ஆபத்து. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட தலைமுறை, பாதுகாப்பான தலைப்புகளைத் தேர்ந்தெடுத்ததில் குறைகாண எனக்கு மனம் வரவில்லை.

நோர்வேயின் வருகையை இங்கே சொல்ல வேண்டும். அந்தச் சிறிய நாடு 1959இல் ஒஸ்லோவில் வெளிவிவகார ஆய்வுக்கு ஒரு நிறுவனமும் சமாதான ஆய்வுக்கு ஒரு நிறுவனமும் தொடங்கியது. சமாதானம் என்பதையே தன் சிறப்புத் துறையாக்கி, 1964இல் அதற்கென ஆய்விதழும் நடத்தி, அந்த அறிவை வெளிநாட்டுக் கொள்கையாக மாற்றிக்கொண்டது. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்தத்தின் அனுசரணையாளராக அது இலங்கைக்கு வந்தபோது, எதிரே இருந்த நாட்டில் அதற்கு ஈடான ஆய்வு மரபு இருக்கவில்லை. முயற்சி தோற்றபின், அது ஏன் தோற்றது என்ற விரிவான மதிப்பீட்டை 2011இல் வெளியிட்டதும் நோர்வேதான். நம் நாட்டின் சமாதானம் முறிந்த கதைக்கான முதன்மை ஆவணமொன்றை நாம் நோர்வேயிடமிருந்து வாங்கிப் படிக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் இத்துறையின் நிலை பற்றித் தனியே சொல்லாமல் விட முடியாது. 1960கள் முதல் கலைப்பீடங்களில் சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்தல் பரவியது. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்த மாற்றம் அது, அதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் ஆங்கிலத்தில் படித்த விரிவுரையாளர் தமிழில் சொல்லும் குறிப்பே பாடமாகி, மூலநூல் மாணவருக்கு எட்டாத இடத்தில் நின்றது. யாழ்ப்பாணத்தில் 1974இல் தொடங்கிய வளாகம் வேரூன்றும் வேளையில், 1981 யூன் முதல் நாள் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரிந்தது. பின்னர் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் புத்தகம் வருவது இருக்கட்டும், அச்சிடத் தாளே கிடைக்கவில்லை. அந்தக் காலத்துத் தமிழ் வாசகருக்குச் சர்வதேச அரசியலைக் கற்பித்தவை வாரப் பத்திரிகைகளின் அரசியல் பத்திகளே. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை விரித்துவைத்து டெல்லியின் நோக்கமென்ன, வாஷிங்டனின் கணக்கென்ன என்று வாசிகசாலையில் விவாதித்த ஒரு சமூகம் அது. அந்த வாசிப்பில் கூர்மை இருந்தது. மேற்கோளும் சான்றும் மறுப்பும் திருத்தமும் கொண்ட ஆய்வொழுக்கம் பத்திக்குள் அடங்காது.

கலைச்சொல் இன்னொரு தடை. ஒரே சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஐ.நா. பாதுகாப்புச் சபை என்கிறோம். பாதுகாப்பு அமைச்சு என்கிறோம். வீதிப் பாதுகாப்பு என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இவை மூன்று தனித்தனிச் சொற்கள். படைவழிக் காப்பு, அச்சமற்ற நிலை, விபத்தின்மை என்ற மூன்று பொருள்களும் தமிழில் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ள ஆயுதம் சேர்க்கச் சேர்க்க, அயல்நாடு அஞ்சித் தானும் ஆயுதம் சேர்த்து, இறுதியில் இரண்டுமே முன்னைவிட ஆபத்தில் விழும் நிலையை விளக்கும் கோட்பாட்டைத் தமிழில் கற்பிக்கும்போது, மாணவர் முதலில் இந்தச் சொற்சிக்கலைத்தான் அவிழ்க்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு, நாம் இறைமை என்பதைத் தமிழகம் இறையாண்மை என்கிறது. நம் சர்வதேச உறவுகள் அங்கே பன்னாட்டு உறவுகள். நம் அரசறிவியல் அங்கே அரசியல் அறிவியல். பாக்குநீரிணையின் இருபுறமும் ஒரே பொருளைப் பற்றி எழுதுபவர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டடைவதற்கே இந்த வேறுபாடு இடையூறாகிறது. மீனவர் பிரச்சினை, கச்சதீவு, அகதிகள் என்று இரு கரைகளும் சேர்ந்து ஆராய வேண்டிய பொருள்கள் குவிந்து கிடக்கும்போது இந்த இழப்பு சிறியதன்று.

போரின் இறுதி ஆண்டுகளிலும் அதற்குப் பின்னரும் நிறுவனங்கள் பெருகின. 2006ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் கதிர்காமர் பெயரிலான சர்வதேச உறவுகள், மூலோபாயக் கற்கைகள் நிறுவகம் உருவானது. பாதுகாப்புப் பல்கலைக்கழகமும் இத்துறையில் பட்டம் வழங்குகிறது. இளைஞர் ஆர்வமும் கூடியிருக்கிறது. ஆவணங்களின் கதவு மட்டும் முன்போலவே இறுகியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பெரிய முன்னேற்றம்தான். எனினும் பிறநாடுகளுடனான உறவுக்குக் கடும் பாதிப்பு விளைவிக்கக்கூடிய தகவலை மறுக்க அதன் 5ஆம் பிரிவு இடமளிக்கிறது. சுதந்திரத்தின் முதல் ஆண்டுகளைப் பற்றி எழுதவிரும்பும் இலங்கை மாணவர் கொழும்பைவிட லண்டனின் கியூ ஆவணக் காப்பகத்தில் அதிகம் கண்டெடுக்கிறார்.

அம்பாந்தோட்டையோடு முடிக்கிறேன். 2017 யூலையில் அத்துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்கு, 1.12 பில்லியன் டொலருக்குச் சீன நிறுவனமொன்றிடம் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு டெல்லியிலிருந்து எழுதிய ஒருவர் உருவாக்கிய ‘கடன்பொறி இராஜதந்திரம்’ என்ற தொடர், வாஷிங்டன்வரை சென்று, உலகமே இலங்கையைப் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது. கடனைக் கட்ட முடியாமல் துறைமுகத்தைப் பறிகொடுத்தார்கள் என்பதே எல்லோருக்கும் தெரிந்த கதை. கொழும்பில் இருந்த இளம் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கேடுகளை வரிவரியாகப் பார்த்தார்கள். துறைமுகக் கடன் ரத்தாகவில்லை, அது திறைசேரியின் தலையில் அப்படியே இருக்கிறது. குத்தகையால் கிடைத்த டொலர், நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பைப் பலப்படுத்தவே உதவியது. நாட்டின் கழுத்தை இறுக்கியதில் பெரும்பங்கு சர்வதேச இறைமை முறிகளுடையது, அதாவது வெளிநாட்டுச் சந்தையில் அரசு விற்ற கடன்பத்திரங்களுடையது, என்று அவர்கள் காட்டினார்கள். அதே நேரத்தில், சீனக் கடன் பத்து வீதமே என்ற அரசாங்கக் கணக்கும் தவறு, அரச நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்ட கடனையும் சேர்த்தால் 2021 இறுதியில் அது வெளிநாட்டுக் கடனில் 19.6 வீதம் என்றும் நிறுவினார்கள். இரண்டு பக்கத்தையும் திருப்திப்படுத்தாத, சான்றினால் மட்டுமே நிற்கும் வேலை அது. 1965இல் கொடிகார தொடங்கியதன் நேர் வாரிசு என்று அதைச் சொல்வேன். 2022 நவம்பரில் அந்த ஆய்வை வெளியிட்டது ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வுப் பிரிவு. அது அங்கிருந்து, ஆங்கிலத்தில் வெளிவந்தது.